மழைக்கு நடுங்கும் ஊர்

குளிருக்கு நடுங்கும் ஊர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழைக்கு நடுங்கும் ஊர் ஒன்று உண்டு, தெரியுமோ? நார்வே நாட்டின் வடகோடியில், ஃபின்லாந்து எல்லையை ஒட்டியிருக்கும் காராஷோக்தான் அது.

பரப்பு சுமார் 5,450 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகையோ ஏறக்குறைய 2,600! இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்தான் அகப்படுவார். பெரும்பாலோர் சாமிகள். உடனே கை கூப்பி விடாதீர்கள். அது அங்குள்ள பூர்வகுடிகளின் பெயர்! 1989-ல் தொடங்கிய அவர்களுடைய பார்லிமெண்டு கூடுவதும் இங்கேதான்.

1886 ஜனவரி முதல் தேதியன்று இங்கே பூஜ்யத்துக்குக் கீழே 51.4 டிகிரி குளிர் பதிவாயிற்று. நார்வேயில் இன்றுவரை எந்த ஊரும் அதை மிஞ்சவில்லை. கடலோர ஊர்களை வெதுவெதுப்பான நீரோட்டம் காப்பாற்றுகிறது. காராஷோக்கோ உள்நாட்டுப் பள்ளத்தாக்கு. கனத்த குளிர்காற்று அதில் இறங்கித் தங்கிவிடும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரிய தரிசனமே கிடையாது. கோடையிலோ சூரியன் அஸ்தமிப்பதில்லை. சில வருஷங்களில் உஷ்ணம் 30 டிகிரியைக்கூட எட்டும். கொசுக்களுக்கு அப்போது ஒரே கொண்டாட்டம்!

காட்டில் கரடியும் உண்டு. என்றாலும் ஊரின் செல்வம் 'ரெயின்டீர்' என்னும் பனிமான்தான். கொசுக்கடியிலிருந்து தப்பவும் பசும்புல் மேயவும் கோடையில் கடற்கரைப் பக்கம் போய், குளிர்காலத்தில் மந்தை மந்தையாகத் திரும்பிவிடும். இதன் கண்ணின் உட்புறம் கோடையில் பொன்னிறம். இருட்டுக் காலத்தில் நீலமாக மாறி, மங்கிய வெளிச்சத்தையும் பிடித்துக் கொள்ளும். என்ன விந்தை, பாருங்கள்! பனிக்கடியில் உள்ள ஒரு வகைப் பாசியை மோப்பம் பிடித்து, குளம்பால் தோண்டித் தின்னும். நம் சமையலறைக் கல்பாசிக்கு அது தூரத்து உறவு.

பொடிப் பனி எவ்வளவு விழுந்தாலும் இந்தப் பிராணிக்குக் கவலை இல்லை. நடுக் குளிர்காலத்தில் உஷ்ணம் சற்றே ஏறி, ஒரு மழை பெய்து விட்டால்தான் விபரீதம்! அந்த நீர் மறுபடி உறைந்து, பாசியின்மேல் கண்ணாடி மூடி போட்டாற்போல் இறுகிவிடும். சாப்பாடு காலடியில் இருக்கிறது, வாய்க்கு எட்டாது! மேய்ப்பவர்கள் தீவனம் சுமந்து போய்ப் போடவேண்டும். தவறினால் மந்தை பட்டினிதான். உலகம் சூடேறி வருகிறது. அதிலும் வடதுருவப் பிரதேசம் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடேறுகிறது. ஆகவே இந்த ஆபத்தும் வளர்ந்துகொண்டே போகிறது.

"குளிரே, போய்த் தொலை!" என்று உலகம் சொல்லட்டும். காராஷோக்கில் மான் மேய்ப்பவர் மட்டும், "குளிரே, போய்விடாதே!" என்றுதான் வேண்டிக் கொள்வார்.