வாசக்கூட்டி போன பிறகு

கொழும்பில் ஒரு தொடர்மாடியின் படிக்கட்டு ஜன்னலைத் துடைப்பதற்குச் சட்டம் இருக்கிறது, மாதாமாதம் சேரும் பணம் இருக்கிறது, சம்பளத்துக்கு ஆளும் இருக்கிறார். அந்த ஆள் பசறைப் பக்கத்திலிருந்தோ, நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்தோ வந்தவராக இருந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள். ஊவாத் தோட்டங்களின் இளைஞர்கள் கொழுந்துக் கூடையை விட்டுக் கொழும்புக்குப் போய்ச் சேரும் வேலைகளில் கட்டடத் துப்புரவும் ஒன்று. தீபாவளிக்கு அவர் ஊர் திரும்பும்போது, அவருடைய லயத்து வடிகாலான கானைத் துப்புரவு செய்யச் சட்டமும் இல்லை, பணமும் இல்லை, ஆளும் இல்லை.

இதைச் சோம்பலின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். “தோட்டத்துச் சனங்கள் சுத்தம் பார்ப்பதில்லை” என்று நகரத்தில் பலர் சொல்வதுண்டு. ஆனால் அந்தச் சனங்கள்தான் நகரத்தின் கண்ணாடிகளைப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். குறை வேறெங்கோ இருக்கிறது.

தொடர்மாடிக்கு என்று இலங்கையில் இன்றுள்ள தனிச் சட்டம் வந்தது 1973இல். அந்த ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் ஒரு கட்டடத்தை இரண்டாகப் பிரித்தது: வீட்டுக்காரருக்குச் சொந்தமான பகுதி, எல்லோருக்கும் பொதுவான பகுதி. அத்திவாரம், பிரதான சுவர், கூரை, நடைவழி, படிக்கட்டு ஆகியவை பொதுவில் சேர்ந்தன. பொதுவானதைப் பராமரிக்கும் பொறுப்பு, வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் அங்கத்தவர்களாக இருக்கும் முகாமைக் கூட்டுத்தாபனத்துக்குப் போனது. அது உரிமையாளர்களிடம் பணம் அறவிடலாம், ஆள் வைக்கலாம். அதே ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த பொது வசதிகள் சபைதான் 2003க்குப் பிறகு கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையாக மாறியது.

படிக்கட்டு ஜன்னல் ஒரு விசித்திரமான பொருள். எல்லோரும் அதன் வெளிச்சத்தில் நடக்கிறார்கள். எவரும் அதைத் தம்முடையது என்று நினைப்பதில்லை. சட்டம் இல்லாவிட்டால் மூன்றாம் மாடிக்காரர் நான்காம் மாடிக்காரரைப் பார்ப்பார், நான்காம் மாடிக்காரர் மழையைப் பார்ப்பார். சட்டம் வந்ததும் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்பதும் இல்லை. 2001இல் பொரளையில் எழுந்த சஹஸ்புர போன்ற குறைந்த வருமானக்காரர் மாடிகளில் மின்தூக்கிக்கும் நடைவழிக்கும் யார் செலவழிப்பது என்ற இழுபறி நீண்டகாலம் இருந்தது. ஆனாலும் அங்கே கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டுப் பணிப்பெண்கள் மாடி ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது விழுந்து இறந்ததைத் தொடர்ந்து, 2012இல் அந்நாட்டு மனிதவள அமைச்சு ஒரு விதி கொண்டுவந்தது: ஜன்னலுக்குக் கம்பி பூட்டப்பட்டிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்லக் கூடாது. பொறுப்பு யாருடையது என்று எழுதப்பட்ட இடத்தில்தான், துடைப்பவருடைய உயிரைப் பற்றியும் பேச முடிகிறது.

இனி நமுனுகுலவுக்கு வருவோம். கொழும்பில் முதல் தொடர்மாடி எழுவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரே கூரையும் ஒரே சுவரும் பகிர்ந்து வாழ்ந்தவர்கள் இந்த மலையில் இருந்தார்கள். லயம் என்பது தரையில் படுக்கவைத்த தொடர்மாடி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதற்கு முன்னால் கான். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவர்; அதில் ஜன்னலுக்கு வழியே கிடையாது. பீலியும் கக்கூசும் பொது. கூரைத் தகரமும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பொது. நடுக்காம்பராவில் மின்கசிவு ஏற்பட்டால் லயம் முழுவதும் எரிவது அதனால்தான். மலையகச் செய்திகளில் அது அடிக்கடி வரும் செய்தி.

அந்தப் பொது இடங்களுக்கு ஒரு காலத்தில் பொறுப்பாளி இருந்தார். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று எழுதியது. அதன் பின்னால் இருந்தது கருணையல்ல, கணக்கு. கொலராவும் கொக்கிப்புழுவும் ஆட்களைச் சாய்த்தால் கொழுந்து எடுக்க ஆள் இருக்காது. 1916இல் ரொக்கபெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மலகூடம் கட்டுவது துரைமாருடைய செலவுப் பட்டியலில் ஏறியது. தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் வாசக்கூட்டி என்று ஒரு பேர் விழுந்தது. காலையில் லயத்து வாசலைக் கூட்டி, கானைத் தள்ளிவிட்டு, கக்கூசைக் கழுவுவது அவருடைய வேலை.

அந்த ஏற்பாட்டை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. துப்புரவு வேலை சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டது; வாசக்கூட்டியின் பிள்ளையும் வாசக்கூட்டியாகவே பார்க்கப்பட்டது. லயங்களும் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆனால் கடமை யாருடையது என்பதில் மட்டும் குழப்பம் இருக்கவில்லை.

குழப்பம் பின்னர் வந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, வீடமைப்பும் நலனும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துடையது, குடியிருப்பவர் தொழிலாளி. இத்தனை பேர் இருக்கும் இடத்தில் கானுக்கு மட்டும் ஆளில்லை. செலவைக் குறைக்கத் தொடங்கிய நிர்வாகங்களில் முதலில் தேய்ந்த பேர்களில் வாசக்கூட்டியின் பேரும் ஒன்று.

பிரதேச சபை வரலாமே என்று கேட்கலாம். வர முடியாமல் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் பசறையிலும் ஏனைய இடங்களிலும் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பினார்கள். அந்த உறுப்பினர்களால் தம் லயத்துக்கு ஒரு கான் போட்டுக்கொடுக்க முடியவில்லை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. தடை நீங்கியது, ஆனால் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. தோட்ட நிர்வாகத்தோடு கலந்துபேசித்தான் சபை உள்ளே வர வேண்டும்; நிதியும் ஒதுக்கப்பட வேண்டும்.

இதற்கிடையில் லயத்தில் ஒருவர் தன் காம்பராச் சுவரில் ஜன்னல் வெட்ட நினைத்தால் என்ன நடக்கும்? தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி இடித்துக் கட்டியதற்காக எழுந்த தகராறுகள் மலையகத்துக்குப் புதிதல்ல. விறகடுப்புப் புகை வெளியேற வழியில்லாத அறையில், புகையைச் சுவாசிக்கும் பெண்ணுக்கு அந்தச் சுவரின் மேல் உரிமை இல்லை. சுவரின் மேல் அதிகாரம் உள்ள நிறுவனத்துக்கு அந்தப் புகை தெரியாது. தொடர்மாடிக்காரரின் சண்டை பொது ஜன்னலைத் துடைப்பது பற்றியது. லயத்துக்காரரின் சண்டை ஜன்னல் இருக்கலாமா என்பது பற்றியது.

கான் அதைவிடப் பெரிய விஷயம். மலைச்சரிவில் மழைநீர் வடிய வழியில்லாமல் நின்றால் மண் கனத்து இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மறக்காது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதைக் கேட்டு மக்களை இடம்மாற்ற வேண்டியவர் யார் என்பதுதான் கம்பனிக்கும் அரசுக்கும் நடுவே தொங்கியது. மீரியபெத்தையில் நடந்ததும் கானில் நடப்பதும் அளவில்தான் வேறு.

தனிவீடு வந்தால் இதெல்லாம் தீரும் என்பது ஒரு பதில். பாதி உண்மை. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டமும், 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் லயத்துக்கு முடிவுகட்டும் பாதையில் முக்கியமானவை. தனிக் கூரை, தனிச் சுவர், தனி ஜன்னல். ஆனால் மலையில் கட்டிய இருபது வீட்டுக்கும் ஏறுபடி ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, தாங்குசுவர் ஒன்று, மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு ஓடும் கான் ஒன்று. பத்திரம் தனிவீட்டைத்தான் சொல்லும். தொட்டியைக் கழுவுவது யார் என்பது எழுதப்படாவிட்டால், பழைய கேள்வி புதிய சீமெந்தில் மீண்டும் முளைக்கும்.

செய்ய முடியாத காரியமும் அல்ல இது. தமிழ்நாட்டில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளில் 2021இல் “நம் குடியிருப்பு நம் பொறுப்பு” என்ற திட்டம் தொடங்கியது. குடியிருப்போர் சங்கம் அமைத்து மாதப் பணம் சேர்க்கிறார்கள். அவர்கள் போடும் பணத்துக்கு ஈடாக அரசும் பணம் போடுகிறது. ஏழைகள் வாழும் கட்டடத்தில் பராமரிப்பை ஏழைகளின் தலையில் மட்டும் கட்டவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. மலையகத்தில் சிரமதானம் என்ற பேரில் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி பிடிக்கச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு நிறைய. நாட்கூலிக்காரரின் ஒரே ஓய்வுநாளை இலவசமாகக் கேட்பது திட்டம் ஆகாது.

ஊவாவுக்குத் தேவையானவை மூன்று. புதிய வீட்டுப் பத்திரத்தோடு பொது உடைமைகளின் பட்டியலும் அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பும் சேர்க்கப்பட வேண்டும். லயங்கள் இருக்கும்வரை அவற்றின் கான், கக்கூஸ், கூரை ஆகியவை குத்தகைக்காரரான கம்பனியின் கடமை என்று குத்தகை நிபந்தனையிலேயே தெளிவாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, துப்புரவு வேலைக்குச் சம்பளமும் கையுறையும் சப்பாத்தும் கொடுத்து, யாரும் விண்ணப்பிக்கக்கூடிய பிரதேச சபை வேலையாக அதை மாற்ற வேண்டும். சாதிக்கு ஒதுக்கிய வாசக்கூட்டி வேலை திரும்பி வரக் கூடாது.

2025 மே 6ஆம் திகதி தேர்வான பிரதேச சபைகள் ஆண்டுதோறும் வருட முடிவில் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கின்றன. தோட்டக் குடியிருப்புகளின் கானுக்கும் கழிவுக்கும் அதில் எத்தனை ரூபாய் என்று, வாக்குக் கேட்டு வந்த உறுப்பினரிடம் நமுனுகுல வாக்காளர்கள் எழுத்தில் கேட்கட்டும். பதிலையும் எழுத்தில் வாங்கட்டும்.