உப்பா, இனிப்பா? – குஜராத்தி உணவுக் குறிப்புகளை இந்தியாக்குவோர் குறித்து

நெருங்கிய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பது எளிது என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. குஜராத்தியும் இந்தியும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. தேவநாகரியின் தலைக்கோட்டை நீக்கிவிட்டால் பல எழுத்துகள் குஜராத்தி எழுத்துகளின் சாயலைப் பெற்றுவிடும். ஆதலின், குஜராத்திச் சமையற் குறிப்பையோ தின்பண்டப் பொட்டலத்தின் வாசகத்தையோ இந்தியாக்க இரு மொழியும் அறிந்த எவரும் போதும் என்பர். என் கருத்து இதற்கு நேர்மாறானது. இங்கே நெருக்கமே இடராகும்.

'சுவைக்கேற்ப மீட்டு' என்று குஜராத்திக் குறிப்புகள் கூறும். அங்கே 'மீட்டு' என்பது உப்பு. இந்தியின் 'மீட்டா'வோ இனிப்பு. ஒலியை நம்பிப் பெயர்த்தால் பருப்பின் கதி என்னாகும்! வெல்லத்தைக் குஜராத்தியர் 'கோள்' என்பர். இந்தியின் பொது வழக்கில் ளகரம் இல்லாமையால் அது 'கோல்' ஆகி, உருண்டை வடிவைக் குறிக்கும். 'சோக்கா' குஜராத்தில் அரிசி. பீகார்ப் பக்கத்திலோ மசித்த கத்தரிக்காய், உருளைக்கிழங்கு. குஜராத்தி 'கேரி' மாங்கனியையும் சுட்டும். இந்தியின் 'கைரி' பச்சை மாங்காயே. 'ஷாக்' என்பது அங்கே சமைத்த காய்கறி எதுவாயினும் பொருந்தும்; இந்தியின் 'சாக்' கீரை. மலையாளி 'வெள்ளம்' கேட்கப் பெருவெள்ளத்தை நினைக்கும் தமிழரின் நிலையை ஈண்டு ஒப்புநோக்கலாம்.

இவையெல்லாம் நகைத்துவிட்டுப் போகக்கூடியவை அல்ல. வேர்க்கடலைக்குக் குஜராத்தியில் 'சீங்' என்று பெயர். இந்தியில் அச்சொல் விலங்கின் கொம்பைக் குறிக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை உயிருக்கே உலை வைக்கவல்லது. 2020 ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விவரக்குறிப்பு விதிகள், ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியே அறிவிக்க வேண்டும் என்கின்றன. விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ அமைதல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. அந்நிலையில் 'மூங்ஃபலி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சீங்' என்றே நின்றுவிட்டால் பிழை யாருடையது?

நிகர்ச்சொல்லே இல்லாதவையும் உண்டு. 'ஃபர்சாண்' என்பதை 'நம்கீன்' என்று எழுதிவிடுகின்றனர். நம்கீன் என்றதும் சேவு, மிக்சர் போன்ற உலர்பண்டங்களே நினைவுக்கு வரும். ஃபர்சாணிலோ ஆவியில் வெந்த டோக்ளாவும் அடங்கும். அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த டோக்ளா வேறு, கடலைமாவுக் காமண் வேறு என்பதும் பலருக்குத் தெரியாது. 'ஊந்தியு'வைப் பெயர்க்கவே கூடாது. மட்பானையைத் தலைகீழாய்க் கவிழ்த்து, மேலே தீ மூட்டிச் சமைப்பதால் வந்த பெயர் அது. பெயரை அப்படியே நிறுத்தி விளக்கம் தருதலே முறை.

இத்தகைய மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடுவது? பட்டங்களைக் கேட்டு விளம்பரம் செய்வோர் தவறான வாயிலைத் தட்டுகின்றனர். (முதுகலைப் பட்டத்திற்கும் தாளிப்புக்கும் என்ன உறவு?) இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டு சூரத்திலோ வதோதராவிலோ பல்லாண்டு அடுப்படி நடத்தியவர்கள், இந்தோரில் குடியேறிய குஜராத்திக் குடும்பத்தார் ஆகியோரே முதலில் நாடத்தக்கவர். அவருள் பெரும்பாலோர் பெண்டிர். அவர்களை மொழிபெயர்ப்பாளர் என்று எவரும் அழைத்ததில்லை. சொற்கணக்கில் கூலி தருவதும் இப்பணிக்குப் பொருந்தாது. ஒரு பொட்டலத்தில் இருப்பவை நாற்பது சொற்களே எனினும், ஒவ்வொன்றும் கடைத்தெருவில் கேட்டறிய வேண்டியதாய் இருக்கலாம்.

தேர்வுக்குக் கவிதையைக் கொடுக்க வேண்டா. ஊந்தியுக் குறிப்பொன்றைக் கொடுத்து, அவர் எழுதும் இந்தியைக் குஜராத்தி அறியாத ஒருவரிடம் தந்து சமைக்கச் சொல்க.