மரக்கறி சந்தைக்கு, வாட்டம் பிள்ளைக்கு!

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் கத்தரியையும் பயிற்றையையும் கோவாவையும் பீற்றூட்டையும் மூட்டை மூட்டையாகச் சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் அனுப்புகின்றன. நீர்வேலி வாழைக்குலைகள் லொறியேறித் தென்னிலங்கைக்குச் செல்கின்றன. ஆனால், அத்தோட்டங்களிலே களை பிடுங்கும் கூலிப்பெண்ணின் பிள்ளை எதை உண்டு பள்ளிக்குச் செல்கிறது? பல வீடுகளிலே வெறுந் தேநீரும் பாணுமே! விளைவிக்கும் ஊரிலேயே பிள்ளைக்கு விளைச்சல் எட்டவில்லையெனில், நமது கமத்தொழிலின் பெருமைதான் என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளை நாளொன்றுக்கு 250 கிராமும், ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளை 350 கிராமும், அதற்கு மேற்பட்டோர் 400 கிராமும் மரக்கறியாகவும் பழமாகவும் உண்ணவேண்டும். நான்கு வயதிலும் எட்டு வயதிலும் இரு பிள்ளைகள் உள்ள வீட்டிலே, அவ்விருவருக்கு மட்டும் கிழமைக்கு நான்கு கிலோவுக்கு மேல் தேவை. நாட்கூலியில் வாழும் தாய் அதனை எவ்வாறு வாங்குவாள்? பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்பதற்குக் கொய்யாவிலும் தேசிக்காயிலும் உள்ள உயிர்ச்சத்து 'சி' துணைசெய்கிறது. இவை கிட்டாத பிள்ளை இரத்தச்சோகையால் வகுப்பிலே சோர்ந்து விழுகிறது. நாமோ அதனைச் சோம்பேறி என்கின்றோம்!

“தாய்மாருக்குப் போசாக்கு அறிவு போதாது” என்று மேடைதோறும் உபதேசிப்போர் உளர். முருங்கையிலையின் அருமையை நமது தாய்மாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குறைந்திருப்பது அறிவன்று, கைக்காசு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்த அன்றைய அரசாங்கம், பயிர்கள் நலிந்த பின்னர் நவம்பரிலே அத்தடையைக் கைவிட்டது. மறு ஆண்டு பொருளாதாரமே சரிந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. இது தாய்மாரின் அறியாமையால் வந்த வினையா?

சரி, கமக்காரனாவது செழித்தானா? அதுவுமில்லை. நூறு கிலோ கொண்டுசென்றால் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று வெட்டும் சந்தை வழக்கத்தை எதிர்த்து வடபகுதிக் கமக்காரர் நெடுங்காலமாகக் குரலெழுப்பி வருகின்றனர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது இதுதான் போலும்! விலை வீழ்ந்தாலோ, தக்காளியும் பூசணியும் தோட்டத்திலேயே அழுகுகின்றன. ஒருபுறம் அழுகும் மரக்கறி. மறுபுறம் வாடும் பிள்ளை. இடையே இரண்டு கட்டைத் தூரம்!

இத்தூரத்தைக் கடக்கும் வழி ஏலவே உண்டு. 2024இல் பாடசாலை உணவுத் திட்டம் அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்குமென விரிவாக்கப்பட்டது. அவ்வுணவுக்கான மரக்கறியையும் பழத்தையும் அந்தந்த ஊர்க் கமக்காரரிடமே வாங்கவேண்டும் என்று நாம் கோருகின்றோம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் போகத்தின் தொடக்கத்திலேயே விலையை நிச்சயிக்கட்டும், கழிவின்றி நிறுக்கட்டும், கிழமைதோறும் காசு கொடுக்கட்டும். தரகருக்குப் போகும் பங்கு பிள்ளையின் கோப்பைக்குப் போகட்டும்!

அரசாங்கத்தை மட்டும் சாடிவிட்டு நாம் ஓய்ந்துவிடலாகாது. வைத்தியர்களே, ஊர்தோறும் எத்தனை பிள்ளைகள் மெலிந்துள்ளனர் என்பதைக் கோவைகளிலே புதைக்காது பகிரங்கமாகக் கூறுங்கள். சட்டத்தரணிகளே, கமக்காரர் ஏமாறாவண்ணம் ஒப்பந்தங்களை எழுதிக்கொடுங்கள். ஆசிரியர்களே, பள்ளி வளவிலே முருங்கையும் பப்பாசியும் நடுங்கள். கமக்காரப் பெருமக்களே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம்: இன்று மருந்தடித்து நாளை பிடுங்கும் மரக்கறி பிள்ளைக்கு உணவாகுமா? உரிய நாள்வரை பொறுத்திருந்து பிடுங்குங்கள்.

நிலமும் நமது, உழைப்பும் நமது, பிள்ளையும் நமது. ஆகவே ஊர்ப் பள்ளிக்கே முதற் பங்கு, மிகுதியே சந்தைக்கு! இதற்கு உடன்படுகின்றனவா இல்லையா என்பதை, அடுத்த போகத்துக்கு நாற்றிடுமுன் பிரதேச சபைகள் மக்களுக்குச் சொல்லட்டும்.