தாமிரத் தகடும் மூளை ஸ்லைடும்

மக்களே, கொஞ்சம் நீளமான இழை. கோச்சிங் தொழில்ல இருக்கறவங்க கோபப்படலாம். பரவாயில்லை.

'நியூரோ கோச்சிங்' ஐடி கம்பெனி, வங்கி எல்லாம் சுத்திட்டு எங்க தாயில்பட்டி பக்கம் பட்டாசு ஆலைக்கும் வந்துடுச்சு. அப்படி ஒரு வகுப்புல நானும் உட்கார்ந்திருந்தேன். எதிரே போர்மேன்களும் மருந்து அறையில வேலை பார்க்கறவங்களும். திரையில கலர் கலரா மூளைப் படம்.

"இடது மூளை கணக்கு, வலது மூளை கற்பனை. 21 நாள் செஞ்சா எதுவும் பழக்கமாகிடும். மைண்ட்செட்டை மாத்துங்க, விபத்தே வராது."

இடது ஆள், வலது ஆள்னு யாரும் கிடையாது. 2013ல யூட்டா பல்கலைக்கழகத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களோட ஸ்கேனைப் பார்த்து, அப்படி ஒரு பிரிவு தெரியலைன்னு எழுதிட்டாங்க. 21 நாள் கதைக்கு மூலம், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல எழுதின புத்தகம். லண்டன்ல பிலிப்பா லாலி குழு அளந்து பார்த்தப்ப பழக்கம் ஊற சராசரியா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை.

ஆனா எல்லாரும் தலையாட்டினாங்க. அதுக்கும் ஆய்வு இருக்கு! சம்பந்தமே இல்லாத ஒரு மூளை வரியைச் சேர்த்தா, மோசமான விளக்கம்கூட சாதாரண ஆட்களுக்கு நல்லதா தெரியுதுன்னு யேல் ஆய்வாளர்கள் 2008ல காட்டினாங்க.

சரி, மூளை அறிவியலால பயனே இல்லையா? இருக்கு. நிறையவே இருக்கு.

மருந்து அறை வாசல்ல தாமிரத் தகடு பார்த்திருப்பீங்க. தொட்டுட்டு உள்ளே போனா உடம்புல இருக்கற நிலைமின்சாரம் இறங்கிடும். புதுசா வந்தவர் யோசிச்சுத் தொடுவார். சில மாசம் போனா கை தானா போகும். வேலையை மூளையின் ஆழத்துல இருக்கற பேசல் கேங்லியா எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம்.

சிக்கல் என்னன்னா, அந்தப் பகுதிக்கு நல்ல பழக்கம் கெட்ட பழக்கம் தெரியாது. மீந்த கலவையை மறுநாளைக்கு எடுத்து வைக்கிறோம். ஒண்ணும் ஆகல. வேலை சீக்கிரம் முடிஞ்சது, அது லாபம். மறுபடி வைக்கிறோம், அப்பவும் ஒண்ணும் ஆகல. ஒவ்வொரு தடவையும் மூளை 'இது ஆபத்தில்லை'ன்னு எழுதிக்குது. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் ஈரம் பட்டா உள்ளுக்குள்ளேயே சூடேறும்ங்கிறது அந்தக் கணக்குல வராது.

இதை மைண்ட்செட் பேச்சால மாத்த முடியாது. பக்கத்துல நின்னு, தப்பு நடந்த அந்த நிமிஷமே சொல்ற ஆள் வேணும். அது போர்மேன்தான். உண்மையான கோச் அவர்தான். அவருக்கு ஒரு வேண்டுகோள்: விதியைப் படிச்சுக் காட்டாதீங்க. "அக்கா, நீங்க செஞ்சு காட்டுங்க"ன்னு கேளுங்க. திரும்பப் படிக்கறதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்றதுதான் மனசுல நிக்கும். ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க, மாசம் கழிச்சும் கேளுங்க.

இன்னொண்ணு. பதற்றத்துல யோசிக்கற முன்மூளை சரியா வேலை செய்யாது, பழகின உடம்புதான் ஓடும். 5-9-2012, முதலிப்பட்டி. செத்தவங்கள்ல பலர் அந்த ஆலைத் தொழிலாளிகளே இல்லை, வெடிச் சத்தம் கேட்டு ஓடிப் போன ஊர்க்காரங்க. அவங்களை முட்டாள்னு சொல்லாதீங்க. உள்ளே கிடக்கறது சொந்தம்னா நீங்களும் ஓடுவீங்க, நானும் ஓடுவேன். விலகி ஓடறதை முன்கூட்டியே ஓடிப் பழகணும், ஆலைக்குள்ள மட்டும் இல்ல, ஊருக்கும் சேர்த்து.

கடைசியா முதலாளிகளுக்கு. பீஸ் ரேட்ல கூலி, தலைக்கு மேல தீபாவளி ஆர்டர், நாலு பேர் அறையில எட்டுப் பேர். இப்படி வெச்சுக்கிட்டு தொழிலாளிக்கு கவனப் பயிற்சி கொடுத்தா என்ன நடக்கும்? அவங்க மூளை ரொம்பச் சரியாத்தான் கத்துக்குது: வேகமா செஞ்சா காசு. விபத்துக்கு அப்புறம் அதையே 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு எழுதறோம்.

அடுத்த தடவை கோச்சைக் கூப்பிட்டா முதல் வரிசையில நீங்க உட்காருங்க. மூணு மாசம் கழிச்சு திரும்ப வந்து, தகட்டைத் தொடறாங்களா, மிச்ச மருந்து எங்கே போகுதுன்னு பார்ப்பீங்களான்னு அவர்கிட்ட கேளுங்க. மாட்டேன்னா அந்தப் பணத்துல இன்னொரு போர்மேனைப் போடுங்க.