சிறை புகுவது போதையா, வறுமையா?

மதுபோதையில் வாகனஞ் செலுத்திச் சிறை சென்றோர் என்றதும், ஒழுக்கங்கெட்ட குடிகாரர் கூட்டமொன்றே பலருடைய மனக்கண்முன் தோன்றுகிறது. இத்தோற்றம் சமூகத்திற்கு வசதியானது, உண்மையானதன்று.

1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதன் விதிகளும் 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் மதுசாரத்தை எல்லையாக வகுத்துள்ளன. இவ்வளவுகோல் ஆள் பார்ப்பதில்லை. பேசாலை மீனவனின் மோட்டார் சைக்கிளுக்கும் உயரதிகாரியின் காருக்கும் எல்லை ஒன்றே. வேற்றுமை தீர்ப்பின் பின்னரே பிறக்கிறது. தண்டப்பணம் 25,000 ரூபாவிலிருந்து தொடங்குகிறது. அதிகாரி அதனைக் கட்டிவிட்டு மதிய உணவிற்கு வீடு சேர்கிறார். காற்றுக்காலத்திற் படகு கரையேறிக் கிடக்க, கடனில் உலை வைக்கும் மீனவன் எதைக் கட்டுவான்? கட்டத் தவறியவனுக்குச் சிறை காத்திருக்கிறது.

நேரே சிறைத்தண்டனை விதிக்கவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு என்பது மெய்யே. ஆயினும், இந்நாட்டிற் குற்றத்தீர்ப்புப் பெற்றுச் சிறை செல்வோருட் பெரும்பகுதியினர் தண்டப்பணம் செலுத்த இயலாதோரே என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வந்துள்ளன. எனவே, சிறைக்குள் இருப்போரை மட்டும் ஆராய்ந்து 'குடித்து வாகனம் ஓட்டுவோரின் இயல்பு' இதுவென வரைவது பேதைமை. அங்கே காணப்படுவது குடிப்போரின் இயல்பன்று. கட்ட முடியாதோரின் இயல்பு.

"கையிற் பணமில்லாதவன் குடிப்பானேன்?" என்பர் சிலர். குற்றம் குடித்ததன்று, குடித்துவிட்டு ஓட்டியது. மன்னார்த் தாம்போதியில் எதிரே வரும் சைக்கிளோட்டிக்கு ஏழைக் குடிகாரனும் செல்வக் குடிகாரனும் ஒரே யமனே. ஆபத்து ஒன்றாயின் தண்டனையின் வலியும் ஒன்றாதல் வேண்டும். இன்றோ ஒருவனுடைய மனைவி மக்கள் பட்டினி கிடக்கின்றனர். மற்றவனுக்கு ஒரு விருந்தின் செலவே குறைகிறது. அடுத்த விருந்தின் பின்னரும் அவன் சாரதி ஆசனத்தில் அமர அஞ்சமாட்டான்.

தண்டனையைத் தளர்த்துக என்பது இதன் பொருளன்று. பின்லாந்து 1921 இலேயே நாள் வருமானத்திற்கேற்பத் தண்டப்பணம் அறவிடும் முறையைச் சட்டமாக்கியது. இலங்கையிலும் 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் சிறைக்கு மாற்றுவழி வகுத்துள்ளது. வருமானத்திற்கேற்ற தண்டம், தவறாத அனுமதிப்பத்திர இடைநிறுத்தம், குடிநோய்க்குச் சிகிச்சை ஆகிய மூன்றும் இருசாராருக்கும் பொதுவாகட்டும்.

அதுவரை மன்னார்க் கரையிலிருந்து சிறை செல்வோரைப் போதை அனுப்புவதில்லை. வெறுமையான பையே அனுப்புகிறது.