வளைகாப்புப் பத்திரிகைக்கு டெம்ப்ளேட் போதுமா?

கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். வீட்டு விசேஷத்திற்கு நாமே பத்திரிகை அடித்துவிட வேண்டும் என்பதுதான் அது. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இன்டர்நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடாதீர்கள். இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணிக்குப் பக்கம், தறிச் சத்தத்தோடு விடிகிற ஊர். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு என்று முடிவாயிற்று. ஊரில் வைத்துச் செய்யத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் பல விமான நிறுவனங்கள் 28 வாரங்களுக்குப் பிறகு டாக்டர் சான்றிதழ் கேட்கின்றன. அக்காவின் டாக்டரோ பயணமே வேண்டாம் என்றுவிட்டார். எனவே விழா அங்கேயே. பெரியம்மா மட்டும் போவதாக ஏற்பாடு. வளையல்களை அங்குள்ள லிட்டில் இந்தியாவில் வாங்கிக்கொள்ளலாம். பத்திரிகை வேலை மட்டும் சாப்ட்வேர் இன்ஜினியரான என் தலையில் விழுந்தது.

'பேபி ஷவர்' என்று தேடினேன். அழகழகான டெம்ப்ளேட்டுகள் வந்து குவிந்தன. ஒன்றில் பெயர்களைப் போட்டு, பத்தே நிமிடத்தில் முடித்துப் பெரியம்மாவிடம் காட்டினேன். "கரடி பொம்மை இருக்குது, வளையலைக் காணோமே! பாட்டி பேரு எங்கடா? தாய்மாமன் பேரு எங்க?" என்றார். உண்மைதான். அந்த டெம்ப்ளேட்டில் இரண்டே பெயர்களுக்குத்தான் இடம். நம் பத்திரிகையில் இரு வீட்டுப் பெரியவர்களும் நின்று அழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டு டெம்ப்ளேட்டுகள் பலவற்றில் ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு ரோஸ் என்று பிரித்து, என்ன குழந்தை என்பதையே அறிவித்துவிடுகிறார்கள். நம் நாட்டில் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏன் அந்தச் சட்டம் வந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த அறிவிப்பு நம் பத்திரிகைக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, நாமே தயாரிப்போம் என்று வேர்டைத் திறந்தேன். ஏ4 தாளைக் குறுக்காக (லேண்ட்ஸ்கேப்) வைத்து இரண்டு பத்திகளாகப் பிரித்தால், ஒரு தாளில் இரண்டு பத்திரிகைகள் கிடைக்கும். 30 பத்திரிகைகளுக்கு 15 தாள் போதும். கொஞ்சம் கனமான தாள் நன்றாக இருக்கும். ஆனால் எவ்வளவு கனம் வரை உங்கள் பிரிண்டர் ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து ஒரு தவறு செய்தேன். அழகாக இருக்கிறதே என்று பழைய தமிழ் பாண்ட் ஒன்றில் டைப் செய்து, பைலை அக்காவுக்கு அனுப்பினேன். "என்னடா, ஒரே ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக இருக்கிறது?" என்று போன் வந்தது. காரணம் எளிது. அந்தப் பழைய பாண்ட்களில் தமிழ் எழுத்துகளுக்கென்று தனிக் குறியீடு கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எதிர்முனையில் அதே பாண்ட் இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் அப்படியல்ல. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. எனவே டைப் செய்வதை யூனிகோடிலேயே செய்யுங்கள். விண்டோஸில் உள்ள நிர்மலா, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை யூனிகோட் பாண்ட்கள்தான். முடித்த பின் பிடிஎப் பைலாகச் சேமித்து அனுப்புங்கள். அதில் பாண்ட்டும் சேர்ந்தே போவதால், நீங்கள் பார்த்தபடியே அங்கும் தெரியும்.

நேரத்தையும் மறக்காதீர்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 10.30 என்றால் இங்கே 8.00. வீடியோவில் பார்ப்பவர்களுக்காக இரண்டு நேரங்களையும் அச்சிட்டேன்.

"வரவே முடியாதவர்களுக்கு எதற்குப் பேப்பரில் பத்திரிகை? வாட்ஸ்அப் போதாதா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "வரச் சொல்றதுக்கு மட்டுமா பத்திரிகை வைக்கிறோம்? நீங்க எங்களுக்கு வேணும்னு சொல்றதுக்கும்தான்" என்றார். குங்குமம் வைத்து, வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார இடமில்லை. போனில் எதையும் படிக்காத பாட்டி, பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த தன் பெயரைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

டெம்ப்ளேட் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு இரண்டு ராத்திரிகள் ஆயின. ஆனாலும் அந்த டெம்ப்ளேட்டில் பாட்டிக்கு இடம் இருந்திருக்காது. உங்கள் வீட்டு விசேஷத்திற்கும் முதலில் பெரியவர்களிடம் கேட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.