பத்து சேனல் என்றால் பத்து மைக்கா?

பேத்துப்பாறை மாதிரி மலைக் கிராமத்தில் திருவிழாவுக்குப் பாடும் சின்னக் குழுக்களிடம் மிக்ஸர் விற்பவர்கள் முதலில் காட்டுவது அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணைத்தான். யமஹா எம்ஜி10எக்ஸ்யு, பத்து சேனல். மைக் சொருக எத்தனை இடம்? நாலு! மீதியெல்லாம் கீபோர்டு, சிடி பிளேயர் வகையறாவுக்கு. பெஹ்ரிங்கர் ஸீனிக்ஸ் 802-இல் எட்டு என்ற கணக்குக்கு மைக் இரண்டே இரண்டு. பொய் இல்லையாம், கணக்காம்!

பாடுபவர் இருவர், தபேலாவுக்கு இரண்டு, புல்லாங்குழலுக்கு ஒன்று. ஐந்து மைக் ஆயிற்றா? நாலு மைக் மிக்ஸர் அங்கேயே படுத்துவிடும். ஆறு மைக் எடுக்கும் எம்ஜி12எக்ஸ்யு விலை கூடத்தான். ஆனால் இந்த வருஷம் சின்னது, அடுத்த வருஷம் பெரியது என்று இரண்டு தடவை வாங்குபவர் தான் ஊதாரி.

'அனலாக் எல்லாம் பழசு, டிஜிட்டலுக்குப் போங்க' என்று இன்னொரு கூட்டம். பாட்டு நடுவே கரண்ட் போய் வந்தால் டிஜிட்டல் தூக்கம் கலைந்து எழுந்திருக்க நேரமாகும். அனலாக் உடனே பாடும். மலைப் பனியில் ஃபேடர் கரகரத்தால் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஒப்பேற்றலாம். டிஜிட்டல் போர்டு போனால்? மூட்டை கட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். எஃபெக்ட் எத்தனை வகை என்று கேட்பதை விட்டுவிட்டு, கடையிலேயே ஒவ்வொரு சாக்கெட்டிலும் மைக்கைச் சொருகிப் பேசிப் பார்த்த பிறகு பணத்தை எடுக்கட்டும்.